மாலை வகுப்புக்கான மானியம் ஜனவரியிலேயே வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் பள்ளிக்கூடம் ஜனவரி நடுவில் திறக்கிறது. அரசின் நிதியாண்டோ ஏப்ரல் 1-ல்தான் பிறக்கிறது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லிக்கொடுக்கும் மாலை வகுப்புகள் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒவ்வோர் ஆண்டும் மாட்டிக்கொள்கின்றன. டர்பன் நகரைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் இப்படி வகுப்பு நடத்துபவர்களும், நடத்த நினைப்பவர்களும், மானியம் கொடுக்கும் மாகாணத் துறைகளில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

2026-ஆம் ஆண்டின் பள்ளி நாட்காட்டியில் முதல் பருவம் ஜனவரி 14 முதல் மார்ச் 27 வரை. அதாவது, புது நிதியாண்டு பிறப்பதற்கு முன்பே நான்கு பருவங்களில் ஒன்று முழுசாகப் போய்விடுகிறது. ஏப்ரலில் பணம் கைக்கு வரும் என்பதற்கும் உறுதி கிடையாது. சேவை ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கணக்கைத் துறை சரிபார்க்க வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, பணம் வாங்கும் அமைப்பில் ஒழுங்கான நிதிக் கட்டுப்பாடு இருக்கிறது என்று துறை எழுத்தில் உறுதி வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் நிபந்தனை போட்டுத்தான் பணம் அனுப்ப முடியும். இவற்றில் ஏதாவது ஒன்று தள்ளிப்போனால் முதல் தவணை ஜூன் கடைசியில், பிள்ளைகள் விடுமுறைக்குப் போகும் சமயத்தில் வந்து நிற்கும். மிச்சம் இருப்பது மூன்றாம் பருவமும், பாதியிலேயே பரீட்சை வந்துவிடும் நான்காம் பருவமும்தான். 2024-ல் கௌதெங் மாகாணத்தில் சமூக மேம்பாட்டுத் துறையின் பணம் ஏப்ரல் தாண்டியும் வராமல், தொண்டு அமைப்புகள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அப்படி வழக்கு நடத்த ஒரு கோயில் கமிட்டிக்கு எங்கே வசதி இருக்கிறது?

தாமதத்தைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று ஓராண்டு மானியம் கொடுத்தால், அந்த ஓராண்டுக்குள் இரண்டு கல்வியாண்டுகளின் துண்டுகள் வந்துவிடுகின்றன. ஏப்ரலில் கிரேடு 4-ல் இருந்த பிள்ளை ஜனவரியில் கிரேடு 5. கிரேடு 7-ல் இருந்த பிள்ளை ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். வேறு பள்ளி, வேறு நேரம், ஒருவேளை வேறு ஊர். மார்ச் மாத இறுதி அறிக்கையில் 'தொடக்கத்தில் 30 பேர், முடிவில் 21 பேர்' என்று எழுத வேண்டி வருகிறது. துறையில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது ஒன்பது பிள்ளைகள் நின்றுவிட்டதாகத் தெரியும். உண்மையில் அவர்கள் ஒழுங்காகப் படித்து, தேறி, அடுத்த பள்ளிக்குப் போனவர்கள். அவர்கள் இடத்தில் புதிதாக வந்த கிரேடு 4 பிள்ளைகளுக்கோ, முன்னேற்றத்தைக் காட்ட இரண்டு மாதம்தான் அவகாசம். நல்ல வகுப்பு ஒன்று தோற்ற வகுப்பாகக் காகிதத்தில் பதிவாவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். தேசிய வரவுசெலவுத் திட்டமும் மாகாணத் திட்டமும் மூன்றாண்டு நடுத்தரக் கால வரம்பில்தான் போடப்படுகின்றன. துறையிடம் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கான உத்தேசத் தொகை ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து, 'சட்டமன்றம் ஒதுக்கும் நிதிக்கு உட்பட்டு' என்ற ஒரு வரியோடு மூன்றாண்டு ஒப்பந்தம் போடலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து முதல் பருவச் செலவை நடப்பு நிதியாண்டின் கடைசித் தவணையாக ஜனவரி முதல் வாரத்திலேயே விடுவிக்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கையையும் முன்னேற்றத்தையும் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிட்டு, பணக் கணக்கை மட்டும் ஏப்ரல் முதல் மார்ச் வரை கேட்கலாம். இரண்டையும் ஒரே படிவத்தில் திணிப்பதால்தான் குழப்பம்.

அமெரிக்காவில் பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் வகுப்புகளுக்கென்றே ஒரு மத்திய அரசு மானியம் இருக்கிறது. '21-ஆம் நூற்றாண்டுச் சமுதாயக் கற்றல் மையங்கள்' என்பது அதன் பெயர். ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர். மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்க, மாநிலங்கள் போட்டி விண்ணப்பம் வாங்கிப் பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் கொடுக்கின்றன. ஒரு மானியம் மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது, ஐந்து ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, 50,000 டாலருக்குக் கீழே இருக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மூன்றாண்டுக்கு உறுதி இருந்தால் நல்ல ஆசிரியரைப் பிடித்து நிறுத்த முடியும். ஓராண்டு மானியத்தில் அவர் நவம்பரிலேயே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். அதே அமெரிக்காவில் 2025 ஜூலை 1-ல் மாநிலங்களுக்குப் போக வேண்டிய இந்தப் பணத்தை நிறுத்திவைத்து, பிறகு அந்த மாதத்திலேயே விடுவித்தார்கள். சட்டத்தில் இருக்கும் பணமே நின்றுபோகலாம் என்றால், கையில் இருப்பு வைக்காமல் வகுப்பு நடத்துவது எங்கேயும் ஆபத்துதான்.

எவ்வளவு இருப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், திங்கள் முதல் வியாழன் வரை தினமும் இரண்டு மணி நேரப் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பலரும் 'இரண்டு மணி நேரச் சம்பளம்' என்றே எழுதுகிறார்கள். அது தவறு. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும், அன்றைக்கு நான்கு மணி நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டம். இரண்டு மணி நேரம், வாரம் நான்கு நாள், மாதம் நான்கு வாரம் என்றால் 32 மணி நேரம் ஆகிறது. சட்டம் பொருந்தும். வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு முதலாளி பங்கு ஒரு விழுக்காடு, ஆசிரியர் பங்கு ஒரு விழுக்காடு கட்டவும் வேண்டும். 2025 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அதன்படி ஓர் ஆசிரியருக்கு ஒரு நாளைக்கு 115.16 ராண்ட். ஆண்டுக்கு 150 வகுப்பு நாள் என்றால் இருவருக்கும் சேர்த்து 34,548 ராண்ட். இது சட்டத்தின் கீழ்வரம்பு மட்டுமே. தேர்ச்சி பெற்ற ஆசிரியர் இந்தத் தொகைக்கு வரமாட்டார். இந்தக் கூலி ஒவ்வொரு மார்ச்சிலும் ஏறுகிறது, ஆனால் மானியம் மார்ச் கடைசி வரை பழைய தொகையிலேயே நிற்கிறது. ஆகவே மார்ச் மாதச் சம்பளத்தைத் தனி வரியில் சற்றுக் கூட்டியே போட வேண்டும்.

எப்படியும் நான்கு மணி நேரத்துக்குப் பணம் கொடுக்கிறோம், அந்த நான்கு மணி நேரத்தையும் முறையாகப் பயன்படுத்தலாம். ஆசிரியர் பன்னிரண்டரைக்கு வரட்டும். ஒன்றேமுக்கால் வரை நேற்றைய நோட்டுகளைத் திருத்துவதும், இன்றைய பாடத்தைத் தயாரிப்பதும். பிறகு பிள்ளைகள் வந்து சேர்வதும் சாப்பாடும். இரண்டேகால் முதல் நாலேகால் வரை பாடம். கடைசிக் கால் மணி நேரம் பதிவேட்டுக்கும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதற்கும். நாலரைக்கு மேல் இழுக்கக் கூடாது. ஜூன் மாதம் டர்பனில் ஐந்து மணி கடந்ததும் இருட்டத் தொடங்கிவிடும். நடந்து போகும் பிள்ளைகளுக்கும், டாக்ஸி பிடித்துப் போகும் பிள்ளைகளுக்கும் அந்த அரை மணி நேரம் பெரிய வித்தியாசம்.

சாப்பாட்டை விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். கல்விக்குப் பணம் கேட்கும்போது ரொட்டியும் பீன்ஸ் கறியும் எதற்கு என்று நினைக்கிறார்கள் போலும். தேசியப் பள்ளி உணவுத் திட்டத்தின் நெறிப்படி, காலை பத்து மணிக்குள் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கப்பட வேண்டும். பத்து மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை இரண்டேகாலுக்கு உங்கள் மண்டபத்தில் உட்காரும்போது நாலு மணி நேரப் பசியோடு உட்காருகிறது. அதுவும் உணவுத் திட்டம் உள்ள பள்ளியாக இருந்தால்தான். அந்தத் திட்டம் முக்கியமாக ஒன்று முதல் மூன்று வரையான ஏழ்மைப் படிநிலைப் பள்ளிகளுக்கானது (ஐந்து படிகளில் முதல் படிதான் மிக ஏழ்மையானது). பள்ளி இருக்கும் வட்டாரத்தை வைத்துப் படிநிலை தீர்மானிக்கப்படுவதால், வெளியிலிருந்து ஏழைப் பிள்ளைகள் வந்து படிக்கும் பள்ளிகூட மேல்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு எட்டு ராண்ட் என்று வைத்தாலும் 30 பேர், 150 நாள், மொத்தம் 36,000 ராண்ட். ஆசிரியர் சம்பளத்தைவிட அதிகம். இதை மறைத்து எழுதினால் மார்ச்சுக்கு முன்பே பணம் தீர்ந்துவிடும். பிறகு எழுதுபொருளுக்கு ஒதுக்கியதை எடுத்துச் சாப்பாட்டுக்குச் செலவழித்து, தணிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற வேண்டுமானால், செலவழிக்கும் முன்பே துறைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

மேலே சொன்ன கணக்கில் முதல் பருவத்தின் ஏறக்குறைய 40 வகுப்பு நாளுக்குச் சம்பளம் 9,213 ராண்ட், சாப்பாடு 9,600 ராண்ட். ஆக, ஜனவரியில் கையில் இருக்க வேண்டியது குறைந்தது 19,000 ராண்ட். இதை மானியத்திலிருந்து மிச்சம் பிடிக்க முடியாது, நன்கொடையாகத்தான் சேர்க்க வேண்டும். தனிநபர்களின் வரியாண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது. வரிவிதிப்புக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ள உதவும் நன்கொடை ரசீதை (18A ரசீது) அவர்கள் தேடுவதும் அப்போதுதான். ஆகவே டிசம்பர், ஜனவரியில் கேட்டால் கிடைக்கும்.

ஆனால் அந்த ரசீதைக் கோயில் கொடுக்க முடியாது. இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வருமான வரிச் சட்டத்தில் சமயப் பணி பொதுநலப் பணியாக ஏற்கப்பட்டிருக்கிறது, கோயிலுக்கு வரிவிலக்கும் கிடைக்கும். நன்கொடை கொடுப்பவருக்குக் கழிவு தரும் பட்டியலில் மட்டும் சமயப் பணி இல்லை. வறிய பிள்ளைகளுக்கான துணைக் கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனவே மாலை வகுப்புக்குத் தனி அமைப்பு ஏற்படுத்துவதே நல்லது. ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. வங்கிக் கணக்கின் பெயரும் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சான்றிதழில் 'ஆலயம்', வங்கியில் 'கோயில்' என்று இருந்தாலே பணம் திரும்பிப் போகும்.

இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவுசெய்யக் கட்டணம் கிடையாது. பதிவு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பிழை. 1997-ஆம் ஆண்டு இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் நிதி அறிக்கை தயாராக வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் அதையும் பணி அறிக்கையையும் கணக்கு அலுவலரின் அறிக்கையோடு சேர்த்து இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான இயக்குநரகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டு அனுப்பாமல் விட்ட அமைப்பின் பெயருக்கு எதிரே 'விதிமுறைக்கு இணங்கவில்லை' என்று இருக்கும். மானியப் பிரிவில் விண்ணப்பத்தைத் திறந்து படிக்கும் முன்பே அதைத்தான் பார்க்கிறார்கள். எழுதிய திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கேயே முடிந்தது. பழைய ஆண்டுகளின் அறிக்கைகளை இப்போதே வரிசையாக அனுப்பி முடியுங்கள். விண்ணப்ப அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

அடுத்து பிள்ளைகளின் பாதுகாப்பு. இதில் சலுகை கேட்கவே கூடாது. பெற்றோர் சார்பில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் குறிப்பிட்ட நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும், காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் கீழ் 'பகுதிநேரப் பராமரிப்பு' இடம் ஆகிறது. பள்ளியே நடத்தும் வகுப்புக்கு விலக்கு உண்டு. கோயில் மண்டபத்துக்கு அந்த விலக்கு கிடையாது. மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு வேண்டும். மாநகராட்சியின் சுகாதார அதிகாரி வந்து கழிப்பறை, தண்ணீர், அடுக்களை எல்லாம் பார்ப்பார். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரின் பெயரும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில் (பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர்களின் பட்டியலில்) இருக்கிறதா என்று உரிய படிவத்தில் விசாரிக்க வேண்டும். பாலியல் குற்றவாளிகள் பதிவேடு வேறு, அது நீதித் துறையிடம் இருக்கிறது. ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். ஆசிரியருக்கு மட்டும் இல்லை, சமைப்பவர், வேன் ஓட்டுபவர், சாவி வைத்திருப்பவர் எல்லோருக்கும் வேண்டும். பதில் வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அக்டோபரிலேயே அனுப்பிவிடுவது உத்தமம்.

பொதுப் பணத்தில் நடக்கும் வகுப்பு எந்த மண்டபத்தில் நடந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். சுலு மொழி பேசும் பிள்ளையும் பக்கத்தில் உட்காரட்டும். மானிய நேரத்தில் பூஜையோ பஜனையோ வைக்க வேண்டாம், அதற்கு வேறு நேரம் இருக்கிறது. தமிழ் கற்பிப்பதை ஒளித்துவைக்கத் தேவையில்லை. நாட்டின் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவே, போற்றி வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் பள்ளிப் பாடம், ஒரு நாள் தமிழ் என்று வெளிப்படையாக எழுதலாம். முழுக்கத் தமிழ் வகுப்புக்குக் கல்வி மானியத்தில் பணம் கேட்டால் கலை, பண்பாட்டுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கேயும் 'இது கல்வி' என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

வாசிப்பையே முதல் வேலையாக வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2021-ல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் வாசித்ததைப் பொருள் புரிந்து சொல்ல முடியவில்லை. வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பது மட்டும் மாலை வகுப்பின் வேலை என்றால் இந்த நிலை மாறாது. முன்னேற்றத்தை அளக்க அச்சடித்த பரீட்சை எதுவும் வேண்டாம். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, அதன் கிரேடுக்கு ஏற்ற ஒரு பத்தியை ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிழையில்லாமல் வாசித்த சொற்களை எண்ணி எழுதுங்கள். அதே பத்தியிலிருந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், முப்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம். ஜூனிலும் நவம்பரிலும் அதே அளவு கடினமான வேறு பத்தியோடு மறுபடியும். இந்த மூன்று எண்களும் இருந்தால் அறிக்கையில் பக்கம் பக்கமாக வருணனை வேண்டியதில்லை. கல்வியாண்டுக்குள்ளேயே அளப்பதால் ஏப்ரல்–மார்ச் குழப்பத்திலிருந்தும் தப்பலாம்.

வருகைப் பதிவேட்டில் மொத்த எண்ணிக்கை மட்டும் எழுதும் வழக்கத்தை விட வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, கிரேடு, வந்த நேரம், போன நேரம், அழைத்துப் போனவர் கையெழுத்து என்று ஏழு கட்டம் இருந்தால் தணிக்கைக்கும் அதுவே சாட்சி, பிள்ளை வீடு சேர்ந்ததற்கும் அதுவே சாட்சி. கிரேடு மாறும்போது அடித்துத் திருத்தாமல் ஜனவரியில் புதுப் பதிவேடு போடுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர்களைத் தனிப் பக்கத்தில் எழுதி, போன பள்ளியின் பெயரையும் குறித்தால் 'நின்றுவிட்டார்கள்' என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகளின் விவரமும் படமும் அறிக்கையில் சேர வேண்டுமென்றால், 2013-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோரின் சம்மதம் வேண்டும், அது எழுத்தில் இருப்பது நல்லது. சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் விட்டுவிட்டால் பிறகு வீடு வீடாக அலைய வேண்டாம்.

நட்டாலில் இந்தியர் பள்ளிகள் எப்படி எழுந்தன என்பதைத் துறையினருக்கு நினைவூட்ட விரும்புகிறோம். சமூகம் பணம் திரட்டிக் கட்டடம் எழுப்ப, அரசு பவுண்டுக்குப் பவுண்டு என்று மானியம் கொடுத்தது. அரசு உதவி பெறும் அந்தப் பள்ளிகளில்தான் தலைமுறைகள் படித்தன. இடம் போதாமல் மதியத்துக்கு மேல் இரண்டாம் அணி வகுப்பும் நடந்தது. இன்றும் மண்டபம், மின்சாரம், அடுக்களை, தொண்டர்கள் என்று சமூகத்தின் பங்கு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அரசின் பங்குதான் ஆண்டு பாதி கழிந்து வருகிறது. மேற்குக் கேப் மாகாணத்தில் இளைஞர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பள்ளி முடிந்த நேரத்தில் பிள்ளைகளோடு வாசிக்க அனுப்பும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதைப் போன்ற ஒன்றைக் குவாசுலு-நட்டாலும் தொடங்கி, கோயில், பள்ளிவாசல், தேவாலய மண்டபங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரவிருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அமைப்பு விதிகளைத் திருத்தும்போது இரண்டு திருத்தங்களை ஒன்றாகச் செய்யுங்கள். நோக்கங்களில் 'பள்ளிப் பிள்ளைகளுக்கான துணைக் கல்வி' என்பதைச் சேருங்கள், வழிபாடு மட்டும் இருக்கும் விதிகளுக்குக் கல்வி மானியம் கிடைக்காது. அமைப்பின் நிதியாண்டு பிப்ரவரியில் முடிந்தால் அதை மார்ச் 31-க்கு மாற்றுங்கள். மானியக் கணக்கும் உங்கள் ஆண்டுக் கணக்கும் ஒரே நாளில் முடியும், இரட்டைத் தணிக்கைச் செலவு மிச்சமாகும், இயக்குநரகத்துக்கு அறிக்கை அனுப்பக் கெடு டிசம்பர் 31 என்றும் ஆகும். திருத்தத் தீர்மானத்தின் நகலையும் புது விதிகளையும் இயக்குநரகத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த பிறகே அடுத்த விண்ணப்பத்தில் அவற்றை இணையுங்கள்.

இங்ஙனம்,
மாலை வகுப்புகளின் கணக்கும் விண்ணப்பமும் பார்க்கும் தொண்டர்கள்,
சாட்ஸ்வொர்த், டர்பன்